பீரோவில் கிடக்கும் பழைய போன்களிலிருந்து படங்களையும் குரல்களையும் வெளியே எடுப்பது எப்படி

உபயோகத்தில் இல்லாத போன்கள் உங்கள் வீட்டில் எத்தனை கிடக்கின்றன என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். பீரோ லாக்கர், டிவி ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கும் டிராயர், பழைய ஹேண்ட்பேக், அலமாரியின் மேல் தட்டு என்று எல்லா இடத்திலும் தேட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் ஒரு பட்டன் நோக்கியா, ஒரு சைனா செட், டிஸ்ப்ளே விரிசல் விட்ட ஒரு டச் போன் என்று மூன்று தலைமுறையாவது ஒரே பிளாஸ்டிக் கவருக்குள் கிடக்கும். யாரும் அவற்றைத் தூக்கிப் போடுவதில்லை, ஏனென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இறந்துபோன அப்பாவின் குரல் இருக்கலாம், மாந்தோப்பை லேஅவுட் போடுவதற்கு முன்னால் எடுத்த படம் இருக்கலாம், பிள்ளை முதன்முதலாக நடந்த வீடியோ இருக்கலாம். எடுக்கிற வழிதான் தெரியாமல் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவசரம் என்ன என்று கேட்டால், இந்த வேகம்தான். 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியிலிருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியது இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நமக்கு வரும் அழைப்புக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டும், 2003-ல்தான் இன்கமிங் இலவசமானது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004 பிப்ரவரியில் நம் ஊர்ச் சட்டைப் பைகளில் நோக்கியா 1100 ஏறிக்கொண்டிருந்தது. டார்ச் இருக்கிறது, கீழே விழுந்தாலும் உடையாது என்று எல்லோரும் வாங்கிய அந்த போனின் மெமரியில் 50 பெயர்கள்தான் கொள்ளும். இன்று அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூரில் ஐபோனின் உலோக உடல் தயாராகிறது, நம் ஊர்ப் பெண்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். இருபது வருடத்துக்குள் இது நடந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர மறுக்கிறது.

ஆனால் அதே வேகம் பின்னால் இருக்கும் கதவுகளையும் மூடிக்கொண்டே போகிறது. சார்ஜர் பின் மாறிவிட்டது, மெமரி கார்டு மாறிவிட்டது. வாட்ஸ்அப் நோக்கியாவின் சிம்பியன் போன்களை 2017-லும் விண்டோஸ் போன்களை 2019 கடைசியிலும் கைவிட்டது, ஆண்ட்ராய்டு 4.4-ம் அதற்கு முந்தியவையும் 2025 தொடக்கத்துக்குள் போய்விட்டன. பழைய போனில் இருப்பதை எடுக்க நினைப்பவர்கள் தள்ளிப் போடாமல் எடுத்துவிடுவது நல்லது.

முதலில் பேட்டரியைப் பாருங்கள்

போனைக் கண்டுபிடித்ததும் சார்ஜரில் குத்தாதீர்கள். பின்மூடியைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்து சமமான மேஜைமேல் வைத்து விரலால் சுற்றிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் பேட்டரி நடுவில் உப்பியிருக்கிறது என்று அர்த்தம், அதைத் திரும்பப் போடவே கூடாது, சார்ஜும் ஏற்றக்கூடாது. ஊசியால் குத்திக் காற்றைப் பிடுங்குகிறேன் என்று சிலர் செய்வார்கள், அது தீப்பிடிக்கும். குப்பையோடு சேர்த்து எரிப்பதும் அப்படித்தான். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் அல்லது சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள், அதுவரை வெயில் படாத இடத்தில் தனியாக இருக்கட்டும்.

நோக்கியா வைத்திருந்தவர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். 1100-க்கும் 6600-க்கும் இன்னும் ஏகப்பட்ட மாடல்களுக்கும் பிஎல்-5சி என்ற ஒரே பேட்டரிதான், அது இன்றும் கடைகளில் கிடைக்கிறது, சின்ன எஃப்எம் ஸ்பீக்கர்களில்கூட அதைத்தான் போடுகிறார்கள். புதிதாக ஒன்று வாங்கிப் போடுவதையே சொல்வேன். 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரான பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி சூடாகலாம் என்று நோக்கியாவே 2007-ல் அறிவித்து மாற்றிக் கொடுத்தது, உங்கள் பேட்டரி அந்தக் காலத்தது என்றால் அதை நம்பவே வேண்டாம்.

சார்ஜர் அடுத்த சிக்கல். பழைய நோக்கியாவுக்குத் தடித்த பின், பிறகு வந்தவற்றுக்கு மெல்லிய பின், அப்புறம் மைக்ரோ யூஎஸ்பி, இப்போது டைப்-சி. பின் சார்ஜர்கள் இரண்டும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளிலும் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களிலும் தேடினால் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைக்கவில்லையா, பேட்டரியைக் கழற்றி வைத்து இரண்டு கம்பி முனைகளையும் அதன்மேல் தொட வைக்கும் யுனிவர்சல் சார்ஜர் ஒன்று போதும். பல வருடம் காலியாகக் கிடந்த பேட்டரி உடனே உயிர் பெறாது, அரை மணி நேரம்வரை திரையில் ஒன்றுமே வராமல் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு செத்துப்போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள்.

சிம்மும் பெயர்களும்

சில செட்டுகள் சிம் இல்லாமல் மெனுவுக்குள்ளேயே விடாது. அதற்காகக் கையில் கிடைத்த சிம்மைப் போடாதீர்கள், சில நோக்கியா செட்டுகளில் வேறு சிம் போட்டால் கால் லிஸ்ட் அழிந்துவிடும். அந்த போனில் கடைசியாக இருந்த சிம்மையே தேடிப் போடுங்கள். நெட்வொர்க் செத்துப்போன சிம்மாக இருந்தாலும் மெனு திறக்கும், அதில் சேமித்த பெயர்களும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அவை சிம்மின் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன, டவரிலிருந்து வருவதில்லை. பழைய சிம் தொலைந்திருந்தால் இப்போதைய நானோ சிம்மை அடாப்டர் சட்டத்தில் வைத்துப் போடலாம், ஆனால் சட்டமும் சிம்மும் விலகாமல் மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெளியே இழுக்கும்போது போனின் பின்கள் மாட்டி உடையும்.

பெயர்களை எடுக்க, போன் மெமரியில் இருப்பதை முதலில் சிம்முக்கு காப்பி செய்யுங்கள். சிம்மில் பொதுவாக 250 பெயர்கள் கொள்ளும், ஒரு பெயருக்கு ஒரு நம்பர், நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். பிறகு அந்த சிம்மைப் புது போனில் போட்டு கான்டாக்ட்ஸில் 'இம்போர்ட்' கொடுத்தால் ஒரே தட்டில் எல்லாம் வந்துவிடும். பெரிய சைஸ் சிம்மை நானோவாக வெட்டச் சொல்லும் கடைக்காரர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை, மிகப் பழைய சிம்களில் சிப் அகலமாக இருக்கும், வெட்டினால் அதோடு முடிந்தது. பெரிய சிம் போடும் பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி அதன் வழியாக எடுப்பது பத்திரம். ப்ளூடூத் இருக்கும் போனாக இருந்தால் பெயர்களை அதிலேயே அனுப்பிவிடலாம்.

இந்தப் பெயர்ப் பட்டியலை அலட்சியமாக நினைக்காதீர்கள். 'முருகன் டிராக்டர்', 'மாங்காமண்டி', 'ஈபி லைன்மேன்', 'போர் வண்டி', 'தக்காளி பாலக்கோடு' என்று இருக்கும் அந்த வரிசையில் ஒருவருடைய முழு வாழ்க்கையும் இருக்கிறது. நம்பர் வேலை செய்யாவிட்டாலும் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்.

மெசேஜ்களுக்கு ஒரே சுலபமான வழி, ஒவ்வொன்றாகத் திறந்து புது போனில் படம் பிடிப்பதுதான். கேபிள், சாஃப்ட்வேர் என்று மெனக்கெடுவதைவிட இது வேகமாக முடியும். எல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்ததாகத்தான் இருக்கும். பல செட்டுகளில் தமிழ் எழுத்தே வராது, வந்தாலும் ஆங்கில எழுத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து கிடைக்கும் என்றால் தமிழில் 70-தான், ஒன்று அனுப்பும் காசுக்கு இரண்டு, மூன்று ஆகிவிடும்.

படங்கள்

கேமரா போன் என்றால் கார்டிலும் போன் மெமரியிலும் இரண்டிலும் பாருங்கள், கார்டில் இடம் தீர்ந்தபோது எடுத்தவை போன் மெமரியில் இருக்கும். கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு கம்ப்யூட்டரில் திறப்பது எல்லாவற்றையும்விட நல்ல வழி. 6600-இல் கார்டு பேட்டரிக்கு அடியில் இருக்கும், அது எம்எம்சி கார்டு, எஸ்டி கார்டு போடும் துளையிலேயே பொருந்தும், பெரும்பாலான ரீடர்கள் படிக்கும். என்70 மாதிரி செட்டுகளில் அதில் பாதி நீளமுள்ள கார்டு வரும், அதற்கு நீளத்தைக் கூட்டும் சின்ன அடாப்டர் வேண்டும். அதற்குப் பிறகு வந்த மைக்ரோ எஸ்டி எதுவானாலும் தொல்லை இல்லை.

கார்டைப் போட்டதும் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், எத்தனை தடவை கேட்டாலும். கார்டு கெட்டிருக்கிறது என்றாலோ படங்களை யாரோ அழித்துவிட்டார்கள் என்றாலோ அந்தக் கார்டில் புதிதாக எதையும் எழுதாமல் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், அழித்த படங்கள்கூட நிறைய வரும். கோப்புகளை 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள், பாதியில் வயர் கழன்றால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகும்.

கார்டு இல்லையென்றால் ப்ளூடூத். ஒரு விஷயம், ஐபோன் மற்ற போன்களிலிருந்து ப்ளூடூத்தில் கோப்பு வாங்காது, அதனால் யாருடைய ஆண்ட்ராய்டையாவது எடுத்துக்கொள்ளுங்கள். சைனா செட்டுகளுக்கு கேபிள் சொருகினாலே பென்டிரைவ் மாதிரி திறந்துவிடும், ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண் இல்லாததால் 2009 டிசம்பரில் நெட்வொர்க் நிறுத்தப்பட்ட செட்டுகள்கூட, ஏனென்றால் நிறுத்தியது அழைப்பை மட்டும்தான், உள்ளே இருக்கும் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2003-ல் 501 ரூபாய் கட்டி வாங்கிய ரிலையன்ஸ் செட் இருக்கிறதென்றால் அதில் சிம்மே கிடையாது, எல்லாம் போனுக்குள்தான், அதை ஆன் செய்து பார்த்து எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

எடுத்த படங்களைப் பார்த்ததும் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். 6600-இன் கேமரா 640-க்கு 480, அதாவது சுமார் 3 லட்சம் புள்ளிகள். இப்போது பன்னிரண்டாயிரம் ரூபாய் போனிலும் 50 மெகாபிக்சல் என்று போடுகிறார்கள், அது 5 கோடிப் புள்ளி. நூற்று அறுபது மடங்குக்கு மேல்! ஆனால் அன்று ஒகேனக்கல் பரிசலில் உட்கார்ந்து எடுத்த அந்தக் கலங்கிய படத்தில் இருக்கும் தாத்தாவை வேறு எந்த கேமராவும் இனி எடுக்கப்போவதில்லை. ஏஐ வைத்துத் தெளிவாக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஆப்களைப் பயன்படுத்துவதானால் காப்பியில் மட்டும் செய்யுங்கள், அவை இல்லாத முகத்தைக் கற்பனையாக வரைந்துவிடும், நம் தாத்தாவுக்கு யாருடைய மூக்கோ வந்து நிற்கும்.

பாட்டுகளும் இருக்கும். அவற்றை எடுக்கத் தேவையில்லை என்றுதான் முதலில் தோன்றும், ஆனால் எடுங்கள். அந்தக் காலத்து மொபைல் இன்டர்நெட்டான ஜிபிஆர்எஸ்ஸில் நொடிக்கு 40 கிலோபிட் வந்தால் அதிகம், 3 எம்பி பாட்டு ஒன்றை இறக்கப் பத்து நிமிடம் ஆகும், அதற்கு காசும் போகும். அதனால்தான் கடைக்குப் போய் கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தோம். எந்தெந்தப் பாட்டை ஏற்றச் சொன்னார்கள் என்பது அந்த வயதில் அவர்கள் யார் என்பதைச் சொல்லும்.

குரல்கள்

என்னைப் பொறுத்தவரை இந்த முழு வேலைக்கும் இதுதான் காரணம். முகத்துக்குப் படம் எங்காவது ஒன்று இருக்கும், குரல் எங்கேயும் இருக்காது. பழைய செட்டில் 'வாய்ஸ் ரெக்கார்டர்' என்று ஒன்று இருந்ததே நிறையப் பேருக்கு ஞாபகம் இல்லை. குழந்தைகள் விளையாட்டுக்காக அமுக்கிப் பதிந்திருப்பார்கள், பின்னால் பெரியவர்கள் பேசுவது கேட்கும். பல செட்டுகளில் ஒரு நிமிடத்துக்கு மேல் பதியாது, அந்த ஒரு நிமிடம் கிடைத்தாலே பெரிது.

காரிமங்கலத்தில் பெரியம்மா வீட்டு செட்டில் அப்படித்தான் கிடைத்தது. பெரியப்பா தோட்டத்திலிருந்து யாரையோ கூப்பிட்டு, "தண்ணி தொறந்து வுட்டாச்சா, இன்னும் ரெண்டு பாத்தி இருக்குதே" என்று கேட்கிறார், அவ்வளவுதான் அதில் இருந்தது. பெரியம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

தேட வேண்டிய இடங்கள் இவை: ரெக்கார்டர், 'சவுண்ட்ஸ்' அல்லது 'டோன்ஸ்' ஃபோல்டர், வீடியோக்கள், டச் போனாக இருந்தால் கால் ரெக்கார்டிங் ஃபோல்டர், வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் வாய்ஸ் நோட்ஸ். பழைய செட்டின் குரல் பதிவுகள் ஏஎம்ஆர் என்ற வகையிலும் வீடியோக்கள் 3ஜிபி (.3gp) என்ற வகையிலும் இருக்கும். புது போனில் தட்டினால் திறக்காமல் போகலாம், கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், விஎல்சி என்ற இலவச ஆப் இரண்டையும் ஓட்டும். எம்பி3-ஆக மாற்றி வீட்டில் எல்லோருக்கும் அனுப்புங்கள், மூலக் கோப்பையும் அப்படியே வைத்திருங்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய டச் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து நம்பரைப் புதிதாக உறுதி செய்யாதீர்கள், இப்போது பயன்படுத்தும் போனில் கணக்கு வெளியேறிவிடும். திறக்கவே வேண்டாம், கேபிள் போட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுத்து வாட்ஸ்அப் ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுங்கள், போதும்.

டிஸ்ப்ளே உடைந்த டச் போன்

படம் தெரிகிறது, டச் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஓடிஜி அடாப்டர் ஒன்று வாங்கிச் சாதாரண கம்ப்யூட்டர் மவுஸைச் சொருகுங்கள், பெரும்பாலான ஆண்ட்ராய்டுகளில் திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்து பேட்டர்னே போடலாம். திரை முழுக்கக் கறுப்பு என்றால் கடையில் வேறொரு டிஸ்ப்ளேயைத் தற்காலிகமாக மாட்டித் தரச் சொல்லுங்கள், புது டிஸ்ப்ளேக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, படம் எடுக்கும் நேரத்துக்குத்தான் தேவை. பேட்டர்ன் மறந்துவிட்டதென்றால் 'ரீசெட் அடித்துத் திறந்து தருகிறேன்' என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். போன் திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதைவிட அந்த போனில் இருந்த ஜிமெயிலை ஞாபகப்படுத்திக் கம்ப்யூட்டரில் கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கள். 2021 மே வரை அதில் அளவு பார்க்காமல் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் நமக்குத் தெரியாமலே எல்லாப் படமும் அங்கே போய் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

எடுத்த பிறகு

பேட்டரி இல்லாமல் கிடந்த போனில் கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கும், ப்ளூடூத்தில் வந்த படங்களுக்கு இன்றைய தேதி விழும். அதனால் 'சித்தி கல்யாணம்', 'அரூர் வீடு கட்டும்போது' என்று ஃபோல்டருக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள், படத்தில் யார் யார் என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். புது போனில் ஒரு காப்பி, பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒன்று, கூகுள் கணக்கின் 15 ஜிபி-யில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள்.

பழைய நம்பரையும் கவனியுங்கள். 90 நாள் எதற்கும் பயன்படாத சிம்மை நிறுவனம் நிறுத்திவிடலாம், கொஞ்ச நாளில் அந்த நம்பர் வேறொருவருக்குப் போகும். பேங்க், ஆதார், கேஸ் புக்கிங் இன்னும் அந்த நம்பரில் இருந்தால் ஓடிபி அவருக்குப் போகும், முதல் வேலையாக மாற்றுங்கள். உங்கள் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

டச் போனை விற்பதானால் ரீசெட் செய்வதற்கு முன்பு கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோனில் 'ஃபைண்ட் மை'யை அணையுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவரால் திறக்க முடியாது. பட்டன் செட்டை நான் விற்கச் சொல்ல மாட்டேன், பழைய இரும்பு விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள். ஏர்டெல், பிஎஸ்என்எல் மாதிரி 2ஜி இன்னும் ஓடும் சிம் போட்டால் அது இன்றும் பேசும், ஜியோ சிம்மில் பேசாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தோட்டத்துக்குப் போகும் பெரியவர்களுக்கு நாலைந்து நாள் சார்ஜ் நிற்கும் டார்ச் போனைவிட உபயோகமானது வேறில்லை. போர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறீர்கள் என்றால் பெட்டிக்குள் இருக்கும் சிம்மையும் இதோடு சரிபார்த்துவிடுங்கள், பல ஸ்டார்ட்டர்கள் 2ஜி-யில்தான் ஓடுகின்றன, ரீசார்ஜ் தவறி அந்த சிம் நின்றால் வீட்டிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் மோட்டார் எடுக்காது.